காற்றுக்கு முதுகு கொடுத்து

கடைக்காரர் வெல்ல அச்சை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்கம்மா, பொன்னாட்டம் இருக்கு. இந்த நெறத்துக்கு நீங்க தஞ்சாவூர் பூரா அலைஞ்சாலும் கெடைக்காது.”

வாங்கி முகர்ந்தேன். தீக்குச்சியைக் கிழித்து உடனே அணைத்தால் வருமே, அந்த வாசனை. மிக லேசாக. பொங்கல் கூட்டத்தில், மஞ்சள் கொத்துக்கும் கரும்புக் கட்டுக்கும் நடுவே, வேறு யாருக்கும் அது எட்டியிருக்காது. எனக்கு எட்டியது.

“கறுப்பு வெல்லம் இல்லையா?”

“அது மாட்டுக்கு வாங்குறதும்மா. நீங்க படிச்சவுங்களாத் தெரியிறீங்க.”

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் சண்டை தொடங்கியிருக்கும். பாகு கொதிக்கும்போது ஒரு பிடி ஹைட்ராஸ் தூவினால் கறுப்பு ஓடிவிடும் என்பதை, அத்தனை பேர் முன்னால், கடைக்காரர் வாயாலேயே சொல்லவைத்திருப்பாய். “சாயப்பட்டறையில போடுறதக் கொண்டாந்து பொங்கப்பானையில போடுறீங்களே, சூரியனுக்கும் சேத்தா வெளுக்கறீங்க?” என்று கேட்டிருப்பாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

வெல்லத் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். நான் வாங்க வந்தது வேறு பொருள். அதைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டேன். என்னவென்று பிறகு சொல்கிறேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டி வண்டி இன்னும் வரவில்லை. மடியில் பொட்டலம். பொட்டலத்தின்மேல் இந்தத் தாள். கோபமாக எழுதுகிறேன். உன்மேலும் கோபம்தான். அதையும் பிறகு சொல்கிறேன்.

*

விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் வலங்கைமான் பக்கத்துக் குத்தகைக் குடும்பம். நீ திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, பிறர் நிலத்தில் குடிசை போட்டுப் பிறர் வயலில் அறுத்த குடும்பம். உன் தட்டையும் டம்ளரையும் உன் கட்டிலுக்கு அடியில் தனியாக வைத்திருந்தாய். ஒருநாள் என் டம்ளரைக் காணோம். உன்னுடையதை எடுத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

“ஏடி, அது என்னோடது.”

“தெரியும். கழுவினியா?”

“நேத்து.”

“அப்ப சரி.”

நீ சிரித்த சிரிப்பில் வார்டன் வந்துவிட்டார். அதன்பிறகு டம்ளர்கள் இரண்டும் ஜன்னல் கட்டையில் ஒன்றாக இருந்தன.

நான் தமிழ். நீ வேதியியல். என் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, “இதுல யாருமே வேலைக்குப் போக மாட்டேங்கறாங்களே” என்பாய். ஒருமுறை உன் ஆய்வகத்துக்கு என்னைத் திருட்டுத்தனமாக அழைத்துப்போனாய். ஒரு குடுவையில் ஆரஞ்சு நிறக் கரைசல். அதில், பார்க்கத் தண்ணீர் போலவே இருந்த இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். ஆரஞ்சு மங்கியது. கலங்கியது. பிறகு பச்சை.

“இதுல விஷம் எதுடி?” என்றேன்.

“ஆரஞ்சு. மஞ்சளா இருந்தாலும் அதே சாமான்தான். தோலத் தின்னுடும். பச்சைக்கு அவ்வளவு கொடுமை கெடையாது.”

“மாத்தினது?”

“இந்தத் தண்ணியாட்டம் இருக்கே, இது. பைசல்பைட்டு. தன்கிட்ட இருக்கற எலக்ட்ரான அதுக்குக் குடுத்து அத அடக்கிடுது. குடுத்துட்டு இது ஒண்ணுமில்லாமப் போயிடுது.” குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாய். “எங்க ஊருல இதுக்குப் பேரு கெமிஸ்ட்ரி இல்லடி. பண்ணையாளு.”

சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் பேச்சை மாற்றினாய். காகித ஆலை, சாயப்பட்டறை, போட்டோ ஸ்டுடியோ, சர்க்கரை ஆலை, எங்கே போனாலும் இந்த இனத்துக் கரைசல் ஒன்று இல்லாமல் வேலை நடக்காது என்றாய். “அதனால எனக்குச் சோறு நிச்சயம். ஒனக்குத்தான் கஷ்டம்.”

*

உனக்குச் சோறு போட வந்தவர் ஒரு மில் முதலாளி.

மிராசு குடும்பம். உச்சவரம்புச் சட்டம் வருமென்று தெரிந்ததும் நிலத்தை மச்சான், மருமகன், மாட்டுக்காரன் என்று பெயர் பெயராக எழுதிவைத்தார். ஆட்சி மாறியதும் தோளில் துண்டை மாற்றினார். பிறகு நவீன அரிசி மில் கட்டினார். அறுவடைக் கூலிக்காக உங்கள் தெரு வேலைக்கு இறங்காமல் நின்ற வருஷம் அது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே வருஷம்தான் உனக்கு வேலை கொடுத்தார்.

ஏன் கொடுத்தார் என்பது பொதுக்கூட்டத்தில் தெரிந்தது. நான் விடுமுறையில் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

“சேற்றிலே மலர்ந்த செந்தாமரை இந்தச் சகோதரி! சேரியிலே பிறந்த இந்தச் சீமாட்டிதான் இன்று என் ஆலையின் வேதியியல் அறிஞர்! சமத்துவம் எங்கே என்று கேட்பவர்களே, இதோ பாருங்கள், சமத்துவம் சேலை கட்டி நிற்கிறது!”

கைதட்டல். மில்லுக்குள் அவர் உன்னை ‘ஏ பொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்.

நீ மைக்கைப் பிடித்தாய். முதல்நாள்தான் என்னை வடிகாலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாய்.

புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்தால் தண்ணீர் நாறும். நாற்றம் அரிசியிலும் ஏறும். அது வராமலிருக்க ஊறல் தொட்டியில் குரோமேட் உப்பைக் கரைத்தார்கள். அப்போது அது புது முறை. அரிசி நன்றாக வந்தது. ஊறிய தண்ணீர் மட்டும் மஞ்சளாக வெளியேறி மில்லின் பின்புறம் வடிகாலில் விழுந்தது. வடிகாலின் கீழ்க்கோடியில் உங்கள் தெரு. அதில்தான் குளித்தார்கள். அதில்தான் நத்தை பொறுக்கினார்கள். பெண்களின் கணுக்காலில் வட்ட வட்டமாகப் புண். பெரிதாக வலிக்காது. ஆறவும் ஆறாது. “நடவு நட்டா வர்ற சேத்துப்புண்ணு” என்றார் முதலாளி. நடவே இல்லாத மாசத்தில்.

மைக்கில் நீ சொன்னது இவ்வளவுதான்:

“ஐயா நம்ம தெரு ஜனங்களுக்காக, மஞ்சத் தண்ணிய மருந்து போட்டு மாத்தி விடறதுக்கு ஒரு தொட்டி கட்டித் தர்றதாச் சொல்லியிருக்காங்க. இந்த மேடையிலயே நன்றி சொல்லிக்கிறேன்.”

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கணம் உன்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார். தட்டித்தானே ஆகவேண்டும்.

இறங்கி வந்ததும் என் காதில், “செந்தாமரை கொஞ்சம் கடிக்கும்டி” என்றாய்.

*

தொட்டி வந்தது. வடிகால் கரையில், திறந்தவெளியில், செங்கல்லில். நீ முதலில் கேட்டது பைசல்பைட்டை இல்லை. அன்னபேதியைக் கேட்டாய். நாட்டுமருந்துக் கடையில் பச்சைக் கல்லாக விற்குமே, அது. அதுவும் மஞ்சளை அடக்கும். அமிலம் வேண்டாம், வாயு வராது. ஆனால் சேறு அதிகம் தங்கும், அள்ள ஆள் வேண்டும். “ஆளுக்கு நான் எங்க போறது? சேறு இல்லாத மருந்தாச் சொல்லு” என்று முதலாளி முடித்துவிட்டார். அதனால் அமிலமும் பைசல்பைட்டும் வந்தன. இதை நினைவில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும்.

உனக்கு உதவியாக உன் அத்தை வேலைக்கு வந்தார், உன் அப்பாவின் அக்கா. கூட இன்னும் சில பெண்கள். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள். எழுத்துத் தெரியாதவர்கள் கையில் அமில ஜாடியைக் கொடுக்கலாமா என்று மில் மேஸ்திரி கேட்டதற்கு, “எழுத்துத் தெரிஞ்சவுங்க கையிலதான் இவ்ளோ நாளா மஞ்சளாப் போச்சு” என்றாய்.

நீ அவர்களைப் பழக்கிய விதம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மூங்கில் கூடைக்குள் நிற்கும் கண்ணாடி ஜாடியைக் கூடையோடு சேர்த்துத் தூக்கவேண்டும், கழுத்தைப் பிடித்துத் தூக்கக்கூடாது. தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக. மஞ்சள் ஆரஞ்சாகும்வரை. பைசல்பைட்டுத் தூளை ஈரம் படாத இடத்தில் மூடிவைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைக்கவேண்டும். ஆரஞ்சு பச்சையாகிறவரை ஊற்றலாம், அப்புறம் ஒரு சொட்டு கூடாது. பைசல்பைட்டு விழுந்த தொட்டியில் மறுபடி அமிலத்தைச் சாய்க்கவே கூடாது. சாய்த்தால் தீக்குச்சி வாசனை வரும், அது வாசனை இல்லை, நெஞ்சைப் பிடிக்கும் வாயு. கடைசியில் சுண்ணாம்புப் பால். பச்சை அடியில் இறங்கிவிடும். மேல்தண்ணீர் தெளிந்து போகும்.

வாயுவுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? பாடம் எடுக்கவில்லை நீ.

“அத்தே, களத்துல நெல்லு தூத்தறப்ப எங்க நிப்பீங்க?”

“காத்துக்கு முதுகு குடுத்துத்தான். இல்லாட்டி பதரெல்லாம் மூஞ்சியிலதானே அடிக்கும்?”

“இங்கயும் அதேதான்.”

முடிந்தது. அத்தையின் பழைய சிவப்புச் சேலையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, கொம்பில் கட்டி, தொட்டிக்கரையில் நட்டாய். துணி எவர் பக்கம் பறக்கிறதோ அவர் எழுந்து மறுபக்கம் போகவேண்டும். அவ்வளவுதான் சட்டம். அந்தப் பெண்கள் துணியைப் பார்த்து, பேச்சை விடாமலே, தொட்டியைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே வேலை செய்வார்கள். நான் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழகாக இருந்தது. அப்படிச் சொன்னால் உனக்குப் பிடிக்காது.

மருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் பைசல்.

“எங்க மனைக்கட்டு தாவா பைசலாவ வழியக் காணும், கெமிஸ்ட்டம்மா தண்ணியப் பைசல் பண்ணிக்கிட்டு இருக்கு” என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நீதான் அதிகம் சிரித்தாய்.

அத்தை அப்போதெல்லாம் என்னை ‘நீங்க’ என்பார். எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை.

*

தொட்டி இருந்த வடிகால் கரை புறம்போக்கு. கூலியாட்களுக்குக் குடியிருப்பு மனை கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்தக் கரையை மனையாகப் பிரித்துப் பட்டா கேட்டு உங்கள் தெரு மனு போட்டது. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேக்கு வரப்போவதாகப் பேச்சு.

முதலாளி கொத்தனாரை அழைத்தார். திறந்த தொட்டி என்றால் அது கரையில் ஒரு குழி. சுற்றிச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிட்டால் மில் கட்டடம். இடம் வெகுநாளாகத் தன் அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீ எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய், இரண்டு குரலிலும்.

“ஐயா, இந்த வாயு காத்தவிடக் கனம். மேல போவாது, தரையோட கெடக்கும். காத்து வந்து தள்ளினாத்தான் கலையும். சுவரு வேணாம்யா.”

“ஜன்னல் வெச்சுத் தர்றேன்.”

“கீழ வெக்கணும்யா, தரையோட.”

“கீழ வெச்சா நாயி வரும். ஒனக்குப் படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு பொண்ணு.”

ஜன்னல் வைத்தார். கூரைக்கு ஒட்டி, தலைக்கு மேலே.

வேலையை விட்டுவிடு என்றேன். வேறு மில் கிடைக்காதா, சாயப்பட்டறை கிடைக்காதா என்றேன். “நான் விட்டா மறுநாளே மஞ்சளாப் போவும்டி” என்றாய். சிவப்புத் துணிக் கொம்பைச் சுவருக்கு உள்ளேயே மறுபடி நட்டுவைத்தார்கள். பழக்கம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் என் பல் கடித்துக்கொள்கிறது. களத்தில் காற்று விழுந்துவிட்டால் ஆபத்தில்லை. முறத்தை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை போடலாம். தொங்குகிற துணிக்கு அவர்களிடம் ஒரே பொருள்தான்: பதர் முகத்தில் அடிக்காது. நான்கு சுவருக்குள் அந்தத் துணி ஒருநாளும் யார் பக்கமும் பறக்கவில்லை.

*

சர்வேக்காரர்கள் வரும் காலை. நான் அப்போது பல்கலைக்கழகத்தில். இனி எழுதுவது அத்தை சொன்னது.

தொட்டியில் பாதி வேலை நடந்திருந்தது. அமிலம் விட்டு, பைசல்பைட்டும் ஊற்றியாயிற்று. இன்னும் ஆரஞ்சும் மஞ்சளுமான நிறம் முழுக்கப் போகவில்லை. நேரம் கொடுத்தால் போயிருக்கும். நீ சுண்ணாம்பு எடுத்துவரப் போயிருந்தாய். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

“ஆபீசருங்க வர்ற நேரத்துல இன்னும் என்னா மஞ்ச? சீக்கிரம் பச்சையாக்குங்க.”

“கெமிஸ்ட்டம்மா வரட்டுங்க.”

“அது வந்து ஆடி அசைஞ்சு பண்றதுக்குள்ள பொழுது போயிடும். தள்ளு.”

ஜாடியில் மீதி இருந்த அமிலம் முழுவதையும் சாய்த்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அத்தை உள்ளே, தொட்டியை ஒட்டிய பள்ளத்தில், பழைய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

“வாசன வந்துச்சும்மா. துணியப் பாத்தேன். ஆடல. எம்பக்கம் வரலியேன்னுதான் நின்னேன். அப்புறம் மூச்சு உள்ள போவல. மடங்கி ஒக்காந்துட்டேன். ‘அத்தே’ன்னு அது கத்துனது கேட்டுச்சு.”

நீ முந்தானையைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினாய். அத்தையின் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினாய். வாசலில் நின்ற பெண்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அடுத்தபடி உன் கையைத் தேடினார்கள். கை மேலே வரவில்லை.

கூரைக் கீற்றைப் பிய்த்து, ஆட்கள் உன்னைத் தூக்குவதற்குள் ஆன நேரத்தை அத்தையால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அது வேண்டாம்.

முதலாளியின் கார் முகப்பில் நின்றது. ஆபீசர்களுக்காகக் கழுவித் துடைத்து நின்றது. உன்னை அதில் ஏற்றவில்லை. டிராக்டர் பெட்டியில், சாக்கு விரித்து, உன்னையும் அத்தையையும் படுக்கவைத்து அனுப்பினார்கள். வயல் சாலையில் டிராக்டர் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். அத்தைக்கு மூச்சு திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியைத் திறந்தபோது உனக்கு இல்லை.

சர்வேக்காரர்கள் வந்தார்கள். மில் ஆபீஸில் பட்டுக்கோட்டை இளநீர் குடித்தார்கள். கரையில் கட்டடம் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்.

*

அனுதாபக் கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். அதே மேடை. உன் படத்துக்கு மாலை. உன் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றார். நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

“சிறகு முளைத்ததும் சிதைந்துபோன சின்னக் குருவி!” என்றார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். “ஆர்வம் இருந்த அளவுக்கு அனுபவம் இல்லை. ஆபத்தான மருந்தை அளவு தெரியாமல் கலந்துவிட்டது அந்தக் குழந்தை.”

அளவு தெரியாமல். நீ.

விசாரணை நடந்தது. அத்தை போனார். மருந்தின் பெயர் தெரியுமா என்று கேட்டார்கள். “பைசல்” என்றார். ஆபீசர் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். சாட்சிக்கு விவரம் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். நான் போனேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். கனமான வாயு, தலைக்கு மேல் ஜன்னல், எல்லாம் சொன்னேன்.

“நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?”

“தமிழ் எம்.ஏ.”

“நல்லது. உக்காருங்க.”

சுவரைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடிந்தது.

இதுகூட எனக்குப் பெரிதில்லை. அதற்கடுத்து அவர் செய்ததைக் கேள். தொட்டியை மூடிவிட்டார். “ஒரு பொண்ணோட உயிரக் குடிச்ச மருந்து இனி என் மில்லுக்குள்ள வராது” என்று சொல்லி, மூட்டைகளை விற்றார். குரோமேட்டை நிறுத்தவில்லை. ஊறல் தண்ணீர் பழையபடி நேராக வடிகாலில் விழுகிறது. யாராவது கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார். உன் பெயரைச் சொல்லித்தான் இப்போது அங்கே மஞ்சள் ஓடுகிறது. சுவர் நிற்கிறது. கரை அவர் பெயரில்.

நீயும் கேள். பள்ளத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்கக்கூடாது, கயிறு போடு, ஆளைக் கூப்பிடு, ஈரத் துணியை நம்பாதே. இதை அந்தப் பெண்களுக்குச் சொன்னது யார்? திரும்பச் சொல்லவைத்தது யார்? நீ அதை மீறினாய். அதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “விதி தெரிஞ்சவ எறங்குவாளா?” என்று விசாரணையில் மேஸ்திரி கேட்டார். அத்தைதான் எழுந்து நின்று கேட்டார்: “ஒங்க அத்த உள்ள கெடந்தா நீ என்னாய்யா பண்ணுவ?” அவரை உட்காரச் சொன்னார்கள்.

நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. அத்தை இருப்பது உன்னால் என்பது தெரியும். தெரிந்தும்.

*

போன மழைக்குப் பிறகு அத்தையைப் பார்க்கப் போனேன். கணுக்கால் புண்ணைச் சேலையால் மறைத்துக்கொண்டார். டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மொதல்ல வேற ஒண்ணு கேட்டுச்சாமே அது. நாட்டுமருந்துக் கடையில கெடைக்கிற மருந்து. அது பேரு என்னா, ஒனக்குத் தெரியுமா?”

ஒனக்கு. அன்றுதான் முதல் முறை.

“அன்னபேதி.”

“வாங்கிட்டு வா.”

கரைதான் போயிற்று; வடிகால் போகவில்லை. அது தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் பெண்கள் மண்ணை வெட்டி அண்டை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பச்சைக் கற்களைப் பானையில் கரைத்தோம். கரைத்ததை ஊற்றி மூங்கிலால் கலக்கினார்கள். மஞ்சள் பழுப்பாகக் கலங்கியது. எல்லாரும் கரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். கலங்கல் மெல்ல மெல்ல அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தண்ணீராக நின்றது. ஒரு பெண், “முழுசா சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். நீ இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கும்தான் கோபம்.

சேற்றை வாரி, மேட்டில் குழி வெட்டிப் போடுகிறார்கள். முதலாளியின் ஆட்கள் வந்து அண்டையை வெட்டிவிடுகிறார்கள். அவர்கள் போனதும் பெண்கள் மறுபடி போடுகிறார்கள். தண்ணீரைத் தடுத்ததாகப் போலீசில் புகார் இருக்கிறது. முதல் பெயர் அத்தையுடையது.

அன்றைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அண்டையின்மேல் ஒரு கொம்பு. கொம்பில் சிவப்புத் துணி.

“இதுல வாயு வராது அத்தே. துணி வேண்டியதில்ல.”

“வராட்டி என்னா? இங்க சுவரு இல்ல, பாரு. ஆடுது.”

ஆடியது. எங்கள் பக்கமாகத்தான். நான் யோசிக்காமலே எழுந்து மறுபக்கம் போய் நின்றிருந்தேன். அத்தை அதைப் பார்த்தார்.

இப்போதும் அப்படித்தான். எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்க்கிறேன். வகுப்பறையில், பஸ்ஸில், அடுத்தவர் வீட்டுக் கூடத்தில். ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். இந்த பெஞ்சிலும் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன், அன்னபேதிப் பொட்டலம் அடியில் ஈரம் விட்டிருக்கிறது. என் சேலையில் ஒரு திட்டு, இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு திட்டு. இப்போது வெளிர்பச்சை. நாளைக்குத் துரு நிறமாகிவிடும். எவ்வளவு துவைத்தாலும் போகாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

நான் துவைக்கப்போவதில்லை.